கோத்தகிரி பக்கம் கரடித் தொல்லை: கைத்துப்பாக்கி வாங்கினால் எந்தத் தோட்டா போடலாம்?

சோலூர்மட்டம்_தேயிலை கேட்டது:

கீழ்கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கு. மேலே சோலை, கீழே ஓடை. நடுவுல பக்கத்துக்காரர் கவாத்து பண்ணாம விட்ட நிலம், உண்ணிச்செடி மண்டி ஆள் உயரத்துக்குக் கிடக்கு. கரடி பகல்ல அதுக்குள்ள படுத்துக்கிட்டு, சாயங்காலம் எங்க பாதை வழியாத்தான் ஊருக்குள்ள இறங்குது. கொழுந்து எடுக்க வர்ற அக்காமார் காலையில அந்தப் பாதையிலதான் ஏறி வரணும்.

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாம்னு யோசனை. நம்ம நாட்டுல சுலபமா கிடைக்கிறது .32 ரிவால்வர்னு சொல்றாங்க. அமெரிக்க வீடியோக்கள்ல கரடிக்கு 10 எம்எம், .44 மேக்னம், "ஹார்ட் காஸ்ட்" தோட்டான்னு பேசுறாங்க. .32-க்கு அந்த மாதிரி தோட்டா உண்டா? ஹாலோ பாயிண்ட் போடலாமா?

இன்னொண்ணு: தங்கச்சி மாப்பிள்ளை வேலை விஷயமா அலாஸ்கா போயிருக்காரு, எச்-1பி விசா. அங்க மலை ஏறுறப்போ துப்பாக்கி வெச்சுக்கலாமா, எந்தத் தோட்டான்னு அவரும் கேட்கிறார்.

தோட்டா_கணக்கு:

முதலில் அலாஸ்காவை முடித்துவிடுகிறேன். அங்கே பொருந்தும் கணக்கு தெரிந்தால், இங்கே ஏன் பொருந்தாது என்பது தானே விளங்கும்.

ஹாலோ பாயிண்ட் மனிதர்களை நினைத்துச் செய்தது. உடலில் பட்டதும் முனை விரிந்து, வேகம் குறைந்து, உள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். சதைக்குப் பதிலாகச் சுட்டுச் சோதிக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் இறங்கினால் போதும் என்பது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வைத்திருக்கும் அளவுகோல். பாய்ந்து வரும் பழுப்புக் கரடிக்கு அது போதாது. தலையைத் தாழ்த்தி நேர் எதிரே வருவதால் குண்டு மயிர், கொழுப்பு, தோள் சதை, எலும்பு எல்லாவற்றையும் கடந்துதான் நெஞ்சுக்குள் போக முடியும். விரிந்த குண்டு பாதியில் நின்றுவிடும்.

அதனால்தான் ஹார்ட் காஸ்ட். ஈயத்தோடு ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த கெட்டியான குண்டு, முனை தட்டையாக இருக்கும். எலும்பில் பட்டாலும் நசுங்காது. தட்டை முனை அகலமாக வெட்டிக்கொண்டு நேராகப் போகும். உருண்டை முனை உள்ளே போய்த் திரும்பிவிட வாய்ப்பு அதிகம். குண்டின் எடை 10 எம்எம்மில் 200 அல்லது 220 கிரெய்ன், .357 மேக்னத்தில் 180 கிரெய்ன், .44 மேக்னத்தில் 240 முதல் 305 கிரெய்ன் வரை என்று எடுப்பார்கள். 220 கிரெய்ன் என்றால் சுமார் 14 கிராம்.

வாங்கி மாட்டிக்கொண்டால் போதாது. கோளாறு வரும் இடங்கள் இவை. குழலின் உள்சுவரில் கூர்மையான வரி வெட்டாமல் பலகோணமாக உருட்டிய பிஸ்டல்கள் உண்டு. க்ளாக் கம்பெனியின் பழைய மாடல்கள் அப்படித்தான். அவற்றில் செம்பு உறையில்லாத ஈயக் குண்டு போட வேண்டாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. ஈயம் குழலில் படிந்து அழுத்தம் ஏறும். அப்படிப்பட்ட பிஸ்டலுக்குச் செம்பு உறை போட்ட தட்டை முனைக் குண்டோ, முழுச் செம்புக் குண்டோ தேட வேண்டும். அடுத்து, தட்டை முனை சில பிஸ்டல்களில் அறைக்குள் ஏறாமல் சரிவில் முட்டி நிற்கும். சொந்தத் துப்பாக்கி, சொந்த மேகசின், காட்டுக்குக் கொண்டுபோகும் அதே தோட்டா. இந்த மூன்றையும் சேர்த்து நூறு முறையாவது தடங்கலில்லாமல் சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

ரிவால்வரில் வேறு தொல்லை. கனமான குண்டுள்ள .44 தோட்டா உதைக்கிற உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு பித்தளைக் கூட்டிலிருந்து மெல்ல முன்னுக்கு நகரும். கொஞ்சம் கூடுதலாக வெளியே வந்தால் சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஆறு போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை வெளியே எடுத்து வெர்னியர் அளவுகோலில் நீளம் பாருங்கள். சுடுவதற்கு முன் இருந்த நீளத்தைவிடக் கூடியிருந்தால் அந்தத் தோட்டாவே வேண்டாம்.

ஆனால் உங்கள் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிறகுதான். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அலாஸ்கா மாநிலச் சட்டம் தாராளமானது என்று நண்பர்கள் சொல்வது குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும். நண்பருடைய துப்பாக்கியை ஒரு நாள் இரவல் வாங்குவதும் இதில் அடங்கும்.

அவருக்கு நான் சொல்வது கரடி ஸ்ப்ரே, அதாவது கரடி மேல் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் டப்பா. கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ குழுவினர் அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடியின் தொல்லையை ஸ்ப்ரே 92 சதவீதம் நிறுத்தியிருக்கிறது. அதே குழு 2012-ல் துப்பாக்கிச் சம்பவங்களைப் பார்த்தபோது கைத்துப்பாக்கிக்கு 84 சதவீதம் வந்தது. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் படுவதில் வித்தியாசம் இல்லை என்பதுதான் அதில் முக்கியமான முடிவு.

இப்போது நம் .32. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ரிவால்வரில் போகும் தோட்டாவின் குண்டு 98 கிரெய்ன் அளவு, ஆறு கிராம் சொச்சம். குழலை விட்டு வரும்போது அதன் ஆற்றல் 150 ஜூல் சுற்றுவட்டாரம். 10 எம்எம் ஹார்ட் காஸ்ட் 900-க்கு மேல், .44 மேக்னம் 1300 முதல் 1600 வரை. குண்டை எவ்வளவு கெட்டியாக வார்த்தாலும் தள்ளுகிற மருந்து அதே மருந்துதான்; .32-ஐ ஹார்ட் காஸ்ட் காப்பாற்றாது. ஹாலோ பாயிண்ட் அதைவிட மோசம். இருக்கிற கொஞ்ச வேகத்தில் ஒழுங்காக விரியாது. விரிந்தால் ஆழம் போகாது. நம் கரடி ஆண் 80 முதல் 145 கிலோ வரும். .32 அதை அந்த நிமிடத்தில் நிறுத்தாது, காயப்படுத்தும். காயம்பட்ட கரடி உண்ணிப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் மறுநாள் காலை அந்தப் பாதையில் வருபவர் கதி என்ன? கொழுந்து எடுக்க வருகிறவர்களுக்காகத்தானே கேட்கிறீர்கள், அவர்களுக்கு இது இப்போது இருப்பதைவிடப் பெரிய ஆபத்து.

அதிக சக்தியுள்ளது வாங்கலாம் என்றால், 9 எம்எம் போன்றவை தடை செய்யப்பட்ட போர் (குழல் அளவு), தனியாருக்குக் கிடைக்காது.

தூரத்தையும் பாருங்கள். அலாஸ்கா வெட்டவெளியில் கரடியை ஐம்பது, நூறு மீட்டரில் கண்டுவிட வாய்ப்புண்டு. தேயிலைப் பாதை வளைவில் பத்து மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைக் கரடி கடக்க இரண்டு வினாடி ஆகாது. துப்பாக்கியை இடுப்பு உறையிலிருந்து எடுத்துக் குறிபார்க்கவே நன்றாகப் பழகியவருக்கு ஒன்றரை வினாடி வேண்டும்.

உதகை_வழக்குரைஞர்:

மேலே சொன்னவர் தோட்டாவைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

கரடி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. காயப்படுத்துவதும், பொறி வைப்பதும், விஷம் வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும் வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கு என்றால் தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

தற்காப்பு உண்டா என்றால் உண்டு. 11(2) பிரிவு. தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு கொன்றால், காயப்படுத்தினால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் இந்தச் சட்டத்துக்கு எதிரான வேறு காரியத்தில் நீங்கள் இருந்திருக்கக் கூடாது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் நுழைவதே 31-ம் பிரிவின்படி குற்றம்; அங்கே நின்றுகொண்டு தற்காப்பு என்று பேச முடியாது. இறந்த விலங்கு அரசின் சொத்து. நகம், பல், தோல் எதையும் தொடக்கூடாது.

லைசென்ஸ் பற்றி பலருக்குத் தெரியாத ஒன்று 34-ம் பிரிவு. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். மசினகுடி, கூடலூர் ஆட்கள் முதுமலையால் இதில் மாட்டுவார்கள். கொடைக்கானலில் 2013-ல் சரணாலயம் அறிவித்த பிறகு அங்கேயும் இதே நிலைதான். உங்கள் சர்வே எண்ணிலிருந்து மோயார் ஆற்றுப் பக்கத்துச் சரணாலய எல்லை எவ்வளவு தூரம் என்று மனு போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தாண்டி ஆட்சியர் அலுவலகத்தில் கிடைத்தாலும், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டி இருக்கலாம். கரடி தேர்தல் பார்த்து வராது.

சோலூர்மட்டம்_தேயிலை:

ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். ரிவால்வர் யோசனையை விட்டுட்டேன். வீட்ல அப்பா பேர்ல பழைய 12 போர் இருக்கு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கினது. அதை வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெச்சா ஓடிடாதா? இல்லைன்னா ஏர்கன்? ஆன்லைன்ல விக்கிற பெப்பர் ஸ்ப்ரே?

உதகை_வழக்குரைஞர்:

லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கும்போது நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு பாதையில் நின்றால் ஆயுதச் சட்டப்படி வழக்கு உங்கள் மேல். அப்பா காலமாகிவிட்டார் என்றால் அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்று மனு கொடுங்கள்.

ஏர்கன் வேண்டவே வேண்டாம். தோலுக்கடியில் ஒரு பெல்லட் தங்கினாலும் அது காயம், அதாவது வேட்டை.

குந்தா_பள்ளம்:

தம்பி, துப்பாக்கியைத் தூக்கி வெச்சுட்டு அந்தப் புதரைப் பாருங்க. உங்க பிரச்சினையே அங்கதான் இருக்கு.

நம்ம கரடிக்குக் கண்பார்வை மட்டம், காதும் பெரிசா சொல்லிக்கிற மாதிரி இல்லை, மூக்குதான் எல்லாம். அதுலயும் கரையான் புற்றை நோண்டி உறிஞ்சிக்கிட்டு இருந்தா, அது போடுற சத்தத்துல நீங்க வர்றது கேட்கவே கேட்காது. தலையைத் தூக்கினா நீங்க அஞ்சு மீட்டர்ல நிக்கிறீங்க. ஓடுறதா, அடிக்கிறதான்னு யோசிக்க அதுக்கு நேரமில்லை; அடிச்சுடும். புலியோட ஒரே காட்டுல வாழுற மிருகம், எதிர்த்து நின்னே பழகினது. முதுகுல குட்டி இருந்தா சொல்லவே வேண்டாம். அதனால உங்க வேலை, அஞ்சு மீட்டர் வரைக்கும் அதுக்குத் தெரியாம போகாம இருக்கிறது.

பாதையோட ரெண்டு பக்கமும் உண்ணிச்செடியை வேரோட எடுங்க. வெட்டி விட்டா மழைக்கு இன்னும் அடர்த்தியா கிளம்பும். ஒரு பக்கத்துக்கு நாலு மீட்டராவது வெட்டவெளியா தெரியணும், வளைவுல இன்னும் கூட. பக்கத்துக்காரர் நிலத்துல அவர் சம்மதம் இல்லாம கை வைக்க முடியாதுன்னா, ஊராட்சிக்கும் வனச்சரகருக்கும் ரெண்டு பேர் கையெழுத்துல மனு கொடுங்க. கரடி வந்த தேதி, நேரம், சர்வே எண், கால்தடம், எச்சத்தோட போட்டோ எல்லாம் வெச்சு, மாவட்ட வன அலுவலருக்கு ஒரு நகல் போட்டு, ரசீது வாங்கிக்குங்க. கூண்டு வைக்கிறதெல்லாம் மேலிடத்து உத்தரவு வந்தாத்தான். அந்த உத்தரவுக்கு இந்தக் காகிதம்தான் ஆதாரம்.

புதரை எடுக்கிற அன்னைக்கு நடுப்பகல்ல, உள்ளே கரடி இல்லைன்னு வனக்காப்பாளர் பார்த்துச் சொன்ன பிறகு ஆரம்பிங்க. கீழ் ஓரத்துல இருந்து மேலே போங்க, சோலைப் பக்கம் எப்பவும் திறந்து இருக்கணும். நாலு பக்கமும் ஆள் நின்னா அது உங்க மேல ஏறித்தான் வெளிய வரும்.

காலையில கொழுந்துக்கு நல்லா வெளிச்சம் வந்த பிறகு இறக்குங்க. ஏழு மணிக்கு முன்னாடி வேண்டாம், மஞ்சு மூடியிருந்தா இன்னும் தள்ளிப் போடுங்க. முதல்ல ரெண்டு பேர் தகரத்தைத் தட்டிக்கிட்டு பாதையோட கீழ் முனையில இருந்து குரல் கொடுத்துட்டு, பத்து நிமிஷம் நின்னு, அப்புறம் மத்தவங்க. ஓடைப் பக்கம் வர்றப்போ தண்ணிச் சத்தத்துல பேச்சு கரைஞ்சுடும், அங்க தகரம் கட்டாயம். முகத்துக்கு எதிர்க்காத்து அடிக்கிற அன்னைக்கு உங்க வாசனையும் அதுக்குப் போகாது, சத்தத்தை ரெட்டிப்பாக்குங்க. காதுல இயர்போனோட யாரையும் விடாதீங்க.

வீட்டு நாயைக் கூட்டிட்டுப் போறது தப்பு. நாய் முன்னாடி ஓடிக் குரைச்சு, கரடி திருப்பினதும் நேரா உங்க கிட்டதான் ஓடி வரும், பின்னாடியே கரடி வரும்.

ராத்திரி டார்ச் விஷயம். மஞ்சுல தலையில மாட்டுற விளக்கு கண்ணுக்கு முன்னாடி வெள்ளைச் சுவராத்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே கையில பிடிச்சு, தரையோட ஒட்டி அடிங்க, பாதை தெரியும்.

வெடி பத்திக் கேட்டீங்க. தூரத்துல, காட்டுப் பக்கம் வழி இருக்கிறப்போ, வனத்துறை ஆளுங்க போட்டா வேலை செய்யும். பக்கத்துல போட்டா மிரண்டு பாயும். கோடையில புல்லுல விழுந்தா மலையே எரியும்.

ஊருக்குள்ள ஏன் இறங்குதுன்னும் பாருங்க. கோயில்ல விளக்குக்கு ஊத்துற எண்ணெய், நெய் ராத்திரி முழுக்க வெச்சிருப்பாங்க; ஒரு தடவை ருசி கண்டா கதவை உடைக்கிறதுதான். பூஜை முடிஞ்சதும் எண்ணெயை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, அகலைத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க. கொய்யா, பேரி, பிளம்ஸ் பழுக்கிற நேரத்துல விழுந்ததை அன்னன்னைக்கே பொறுக்கணும். பேக்கரிக் கழிவு, கோழிக் கழிவை ஓடையில கொட்டுறவங்க கூட சண்டை போட்டாவது நிறுத்துங்க. வீட்ல எண்ணெய் டின், வெல்லம், சர்க்கரை கதவோரத்துல இருக்கக் கூடாது. சமையல்கட்டுக் கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தா தோளால ஒரு தள்ளு போதும் அதுக்கு. வெளிப்பக்கம் திறக்கிற கதவா மாத்தி, நகம் நுழையாதபடி விளிம்புல இரும்பு ஆங்கிள் அடிச்சு, தாழ்ப்பாள் மேலயும் கீழயும் ரெண்டு போடுங்க. வெறும் தகரக் கதவுன்னா விளிம்பைப் பிடிச்சுக் கிழிச்சுடும்.

நேர்ல பார்த்துட்டீங்கன்னா, அது ரெண்டு கால்ல நின்னா உடனே பாயப் போகுதுன்னு அர்த்தமில்லை, மோப்பம் பிடிக்குது. ஓடாதீங்க, கல் எடுக்காதீங்க. மெதுவா பேசிக்கிட்டே பின்வாங்குங்க. மேலே விழுந்துடுச்சுன்னா குப்புறப் படுத்து, விரலைக் கோத்து பிடரியை மூடி, முழங்கையால முகத்தை மறைச்சுக்குங்க. கூடையோ பையோ முதுகுல இருந்தா இருக்கட்டும். அது எப்பவும் முகத்தையும் தலையையும்தான் குறி வைக்கும். போயிடுச்சுன்னு நிச்சயமாகிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. எழுந்து உட்கார்ந்தா திரும்பி வரும்.

குன்னூர்_செவிலி:

அண்ணா சொன்னதோடு காயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரடி நகம் பட்டால் தலைத்தோல் கிழிந்து தொங்கும், ரத்தம் நிறைய வரும். தொங்கும் தோலை வெட்டவோ இழுக்கவோ கூடாது. இருந்த இடத்திலேயே திரும்பப் படிய வைத்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் துணியை எடுத்துப் பார்க்கவே கூடாது. நனைந்தால் மேலே இன்னொரு துணி. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு தனி வேலையாகிவிடும். 108-ஐக் கூப்பிடும்போதே "கரடி தாக்கியது, தலைக்காயம்" என்று சொல்லுங்கள்.

ரத்தம் பெருகாத சிறு கீறல், கடி என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி இதற்கும் கட்டாயம். தசையில் போடுவதென்றால் 0, 3, 7, 14, 28-ம் நாட்கள். ரத்தம் வந்த காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் (உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் ஊசி) போட்ட பிறகுதான் தையல் போடுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். டெட்டனஸுக்கான டிடி ஊசி வேறு. வலி போய்விட்டது என்று 14-ம் நாளோடு நிறுத்திவிடுகிறார்கள், 28-ம் நாளும் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் கேட்டு வாங்கி, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்தால்தான் நிவாரண மனு நகரும்.

தோட்டா_கணக்கு:

ஸ்ப்ரே கேள்வி விட்டுப்போனது. இங்கே ஆன்லைனில் வருவது மனிதர்களுக்கான சின்ன டப்பா. மெல்லிய தாரையாக இரண்டு மூன்று மீட்டர் போகும், அதுவும் குறிபார்த்து அடிக்க வேண்டும். கரடி ஸ்ப்ரே வேறு சரக்கு. குறைந்தது 225 கிராம் டப்பா, ஏழு எட்டு மீட்டர் தூரத்துக்கு மேகமாகப் பரவும். மேலே சொன்ன 92 சதவீதம் அந்த டப்பாவுக்கு, அலாஸ்கா கரடிகளுக்கு. சின்ன டப்பாவை நம்பி யாரையும் அந்தப் பாதையில் அனுப்பாதீர்கள்.

மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்: விமானத்தில் கைப்பையிலும் செக்-இன்னிலும் கரடி ஸ்ப்ரே ஏற்ற விடமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். காலாவதித் தேதி பார்க்கட்டும். மூன்று நான்கு ஆண்டில் உள்ளழுத்தம் குறைந்துவிடும். பைக்குள் போடாமல் இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்க வேண்டும். மருந்தில்லாத பயிற்சி டப்பா தனியாக விற்கிறார்கள், அதை வைத்துப் பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் தள்ளிப் பழகட்டும். கரடி பத்து மீட்டரை நெருங்கும்போது, முகத்துக்கு அல்ல, அதற்குச் சற்றுக் கீழே முன்னால் அடிக்க வேண்டும். மேகத்துக்குள் அது தானே ஓடி வந்து நுழையும்.